மாணவரையும் பென்சன்காரரையும் வயதை வைத்து எண்ணாதீர்கள்: மட்டக்களப்பு மாவட்டச் செயலகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அரசாங்க அதிபர் அவர்களுக்கும், மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் அமரும் மக்கள் பிரதிநிதிகளுக்கும், தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் மாவட்டக் கிளை உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கம்.

2024 ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் வீடுவீடாக வந்து எடுத்துச் சென்ற குடிசன, வீட்டுவசதித் தொகைமதிப்பின் முடிவுகள் ஒவ்வொன்றாக வெளிவந்துகொண்டிருக்கின்றன. நாட்டின் சனத்தொகை 2 கோடியே 17 இலட்சத்தைத் தாண்டியிருக்கிறது. ஆண்டு வளர்ச்சி 0.5 வீதத்துக்கு இறங்கியிருக்கிறது. 2012 இல் நூறு பேரில் 25.2 பேர் 15 வயதுக்குக் குறைந்தவர்கள், இப்போது 20.7 பேர்தான். 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் அன்று 7.9 வீதம், இன்று 12.6 வீதம். இந்த நான்கு எண்களையும் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: படிக்கிற பிள்ளைகள் குறைகிறார்கள், ஓய்வுபெற்றவர்கள் பெருகுகிறார்கள், ஆகவே சிறிய பாடசாலைகளை மூடி அந்தக் காசை மருந்துக்கு ஒதுக்கலாம்.

நான் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவன். களுவாஞ்சிகுடிப் பக்கத்து முதியோர் சங்கமொன்றின் பதிவேடு இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. அந்த எண்களோடு எனக்குச் சண்டை இல்லை. எண்ணியவர்கள் மழையில் நனைந்து எண்ணினார்கள் என்பது எனக்குத் தெரியும். அவற்றை அப்படியே தூக்கிவந்து மட்டக்களப்பின் தலையில் வைப்பதில்தான் சண்டை. முழுநேரமாகப் படிப்பவர் யார், உழைப்பை விட்டு ஓய்ந்தவர் யார் என்பதை வயது சொல்லாது. இந்த இரண்டு கூட்டத்தாரையும் கிராம உத்தியோகத்தர் பிரிவு வாரியாகத் தனித்தனியே எண்ணி, ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தமிழில் வெளியிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்வதற்குக் கொஞ்சம் இடம் தேவைப்படுகிறது, பொறுத்தருள வேண்டும்.

முதலில், எங்கள் மாவட்டத்துக்குப் போக்கு என்று ஒன்றைச் சொல்வதே சிக்கலான காரியம். கோடு கீறப் புள்ளிகள் வேண்டும். 1981 இல் மட்டக்களப்பு மாவட்டத்தில் 3 இலட்சத்து 30 ஆயிரம் பேர். அதற்கு அடுத்த தொகைமதிப்பு 2001 இல் நடந்தது. ஆனால் இங்கே அது முழுமையாக நடக்கவில்லை. யுத்தம். பெரியகல்லாற்றைத் தாண்டித் தெற்கே பெரியநீலாவணைக்குள் காலை வைத்தால் அது அம்பாறை மாவட்டம். அவர்களுக்கு 2001 கணக்கு முழுமையாக இருக்கிறது. ஒரே கடற்கரை, ஒரே பெருந்தெரு, எங்களுக்கு மட்டும் அந்தப் பத்தி வெறுமை. 2007 இல் கிழக்கில் ஒரு விசேட கணக்கெடுப்பு நடந்தது உண்மைதான். அந்த ஆண்டில் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்தும் வடக்கேயுள்ள வாகரையிலிருந்தும் இடம்பெயர்ந்து எத்தனை பேர் முகாம்களில் கிடந்தார்கள் என்பது நினைவிருப்பவர்கள், அந்த எண்ணை ஒரு போக்கின் நடுப்புள்ளியாக வைக்கத் துணிய மாட்டார்கள். பிறகு 2012: 5 இலட்சத்து 26 ஆயிரம். பிறகு 2024. ஆக முழுமையான புள்ளிகள் மூன்று. முதல் இரண்டுக்கும் இடையில் 31 ஆண்டு இடைவெளி. இவ்வளவு தூரத்தில் நிற்கும் மூன்று புள்ளிகளை இணைத்து இதுதான் போக்கு என்று ஒரு மாணவன் எழுதிக் கொடுத்திருந்தால், அந்த விடைக்கு நான் புள்ளி போட்டிருக்க மாட்டேன்.

அந்த 31 ஆண்டுக்குள் நடந்தவை எங்கள் மாவட்டத்தின் வயதுக் கூம்பில், அதாவது எந்த வயதில் எத்தனை பேர் என்று காட்டும் வரைபில், ஆழமாக விழுந்திருக்கின்றன. இப்போது அறுபதைத் தொடுகிறவர்கள் 1965 ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். 1990 இல் அவர்களுக்கு வயது 25. அந்த ஆண்டில் இந்த மாவட்டத்தில் 25 வயது ஆணாக இருப்பது என்றால் என்ன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்று ஓய்வூதியப் பத்திரத்தை நிரப்பியிருக்க வேண்டியவர்களில் ஒரு பங்கினர் அப்போதே இல்லாமற்போனார்கள். இன்னொரு பங்கினர் கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் ஓய்வுபெறுகிறார்கள். 2004 டிசம்பர் 26 மிச்சமிருந்ததிலும் கைவைத்தது. எங்கள் சங்கப் பதிவேட்டில் பெண்களின் பெயர்களே அதிகம் என்பதற்குப் பெண்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்ற பொதுவான காரணம் மட்டும் போதாது. ஆகவே நாடு மூப்படையும் விதமும் மட்டக்களப்பு மூப்படையும் விதமும் ஒன்றல்ல. இங்கே மூப்படைவது பெரும்பாலும் கணவரில்லாத, சம்பளப் பதிவே இல்லாத பெண்.

இனி, எண்ணும் முறைக்கு வருகிறேன். இதில்தான் என் மனக்குறை முழுவதும் இருக்கிறது.

சார்ந்திருப்போரைக் கணக்கிடும்போது 2024 முடிவுகள் 15 முதல் 64 வயது வரையானவர்களை உழைக்கும் வயதினர் என்று எடுத்துக்கொள்கின்றன. அதற்குக் கீழும் மேலும் உள்ளவர்கள் அவர்களில் தங்கியிருப்போர். உலகம் முழுவதும் இப்படித்தான் செய்கிறார்கள், தெரியும். ஆனால் எங்கள் ஒழுங்கையில் இருப்பதைப் போன்ற ஒரு வீட்டுக்குள் இந்தச் சூத்திரத்தை அனுப்பிப் பாருங்கள். அம்மம்மாவுக்கு 68 வயது. மூத்த பேத்திக்கு 18. உயர்தரம், உயிரியல் பிரிவு. பேரனுக்கு 14, ஒன்பதாம் தரம். தாய் குவைத்தில் வீட்டுவேலை. தகப்பன் இல்லை. சூத்திரம் சொல்லும் விடை என்ன? உழைக்கும் வயதினர் ஒருவர், அவரில் தங்கியிருப்போர் இருவர். அந்த ஒருவர் யார் என்றால் விடிய நாலு மணிக்கு எழும்பித் தாவரவியல் படிக்கிற அந்தப் பிள்ளை. அவள் தோளில் அம்மம்மாவையும் தம்பியையும் தூக்கி வைத்துவிட்டு, விகிதம் நன்றாயிருக்கிறது என்று நாம் அறிக்கை எழுதுகிறோம். உண்மையில் அடுப்பு எரிய வைப்பவர் அந்த வீட்டுக் கணக்கில் இல்லை.

அந்த வீட்டில் மூன்று பேர்: இரண்டு முழுநேர மாணவர், ஒரு முதியவர். நடுவில் யாரும் இல்லை. இப்படி நடு இல்லாத வீடுகள் இந்த மாவட்டத்தில் எத்தனை என்று கேட்டால் எந்தக் கந்தோரிலும் விடை கிடைக்காது. 2022 இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கையர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். அதற்குப் பிறகும் அந்த அலை அடங்கவில்லை. ஏறாவூரிலும் வாழைச்சேனையிலும் வெல்லாவெளியிலும் வவுணதீவிலும் அதன் அடையாளம் இருக்கிறது. பாடசாலையில் பெற்றோர் கூட்டம் என்றால் வந்து உட்காருபவர்கள் யார் என்று அதிபர்களைக் கேளுங்கள். தேர்ச்சி அறிக்கையில் கையெழுத்து இடுபவர் யார் என்று வகுப்பாசிரியரைக் கேளுங்கள். அம்மம்மாவுக்குக் கிளினிக் நாள் என்றால் பிள்ளை பாடசாலைக்கு வராத நாள் அது. பிள்ளைக்குப் பரீட்சை என்றால் அம்மம்மா மருந்து எடுக்காத நாள். இரண்டு பத்திகளையும் இரண்டு திணைக்களங்கள் தனித்தனியே வைத்திருக்கும்வரை இது எவர் கண்ணிலும் படாது.

தொழிற்படை மதிப்பீடு இன்னொரு விதமாகக் குழப்புகிறது. அதன் விதிப்படி, கேட்கப்படும் வாரத்தில் ஒரு மணித்தியாலமாவது வருமானத்துக்காக வேலை செய்திருந்தால் அவர் தொழில் செய்பவர். இது சர்வதேச விதி. புள்ளிவிபர உத்தியோகத்தர்கள் மேல் குற்றமில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டு விறாந்தையில் பத்துப் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுக்கிறார் என்றால் அவர் ஓய்வுபெற்றோர் பத்தியிலிருந்து வெளியே போய்விடுகிறார். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் இளைஞன் விடுமுறையில் கூலிக்கு வேளாண்மை வெட்டினால் அந்த வாரத்தில் அவன் மாணவன் அல்ல, தொழிலாளி. மறுபுறம், ஒரு மணித்தியாலமும் வேலை செய்யாதவர்களில் படிப்பவர், ஓய்வுபெற்றவர், வீட்டுவேலை பார்ப்பவர், நோயாளி எல்லோரும் பொருளாதார ரீதியில் செயற்படாதோர் என்ற ஒரே கூரையின் கீழ் வருகிறார்கள். உள்ளே காரணம் வாரியாகப் பிரித்தும் போடுகிறார்கள் என்பது உண்மை; ஆனால் மாவட்டக் கூட்டத்தின் திரையில் வந்து விழும்போது பெரும்பாலும் அந்தக் கூரை மட்டும்தான் தெரிகிறது. இரவு பன்னிரண்டு மணிவரை படிக்கிறவளையும் அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டுக் காவலிருக்கிற கிழவியையும் செயற்படாதோர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அது வேறு கதை.

உயர்தரப் பரீட்சையை இரண்டாம், மூன்றாம் முறை எடுப்பவர்களை எங்கே எழுதுகிறோம்? பாடசாலை இடாப்பில் அவர்களின் பெயர் இல்லை. கல்வி அமைச்சின் வருடாந்தப் பாடசாலைக் கணக்கெடுப்பில் அவர்கள் வர மாட்டார்கள். ஆனால் காலையில் ஒரு வகுப்பு, பின்னேரம் ஒரு வகுப்பு, நடுவில் நூலகம் என்று பாடசாலைப் பிள்ளையைவிடக் கூடுதலான நேரம் படிக்கிறார்கள். முழுநேர மாணவர் என்றால் இவர்களைவிட வேறு யார்? பரீட்சை எழுதி முடித்துப் பெறுபேற்றுக்கும், பிறகு வெட்டுப்புள்ளிக்கும், பிறகு பல்கலைக்கழகம் திறக்கும் நாளுக்கும் காத்திருப்பவர்கள் இன்னொரு கூட்டம். 2017 இல் மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் மாதக்கணக்காகச் சத்தியாக்கிரகம் இருந்த வேலையற்ற பட்டதாரிகளை எந்தப் பத்தியில் எழுதினோம் என்பதும் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இந்த இரண்டு தொகைகளும் பிறப்பாலும் இறப்பாலும் மட்டும் ஏறி இறங்குவதில்லை; கொழும்பில் போடப்படும் கையெழுத்தாலும் ஏறி இறங்குகின்றன. அரச ஊழியரின் ஓய்வு வயதை 2022 தொடக்கம் 65 என்றார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் மறுபடியும் 60 என்றார்கள். விளைவு, 2022 டிசம்பர் 31 ஆம் திகதி ஒரே நாளில் நாடு முழுவதும் ஆயிரக்கணக்கானோர் கதிரையை விட்டு எழுந்தார்கள். ஓய்வுபெற்றோர் வரைபில் அங்கே ஒரு படிக்கட்டு தெரியும். அதைச் சனத்தொகை மூப்படைந்ததன் அடையாளம் என்று யாராவது பொருள் சொன்னால் அது தவறு. அது ஒரு சுற்றறிக்கையின் அடையாளம். மாணவர் பக்கமும் அப்படித்தான். 2021 இன் உயர்தரப் பரீட்சை 2022 இல் நடந்தது. 2022 இன் பரீட்சை 2023 இல். 2023 இன் பரீட்சை 2024 ஜனவரியில். ஒவ்வொரு தாமதமும் ஒரு தொகுதிப் பிள்ளைகளை இன்னும் சில மாதம் மாணவராகவே நிறுத்தி வைத்தது. கட்டாயக் கல்வி வயது 2016 இல் 14 இலிருந்து 16 ஆனதும், 13 வருட உத்தரவாதக் கல்வி வந்ததும் பிள்ளைகளைக் கூடுதல் காலம் வகுப்பறையில் வைத்திருக்கின்றன, நல்ல காரியம்தான். ஆனால் பிறப்பு குறைகிறது, ஆகவே மாணவர் குறைகிறார்கள் என்று ஒரே மூச்சில் சொல்பவர்கள் இவற்றையெல்லாம் மறந்துவிடுகிறார்கள்.

பிறப்பு குறைகிறது என்பதை நான் மறுக்கவில்லை. 2013 இல் நாட்டில் 3 இலட்சத்து 65 ஆயிரம் குழந்தைகள் பிறந்தன. 2023 இல் சுமார் 2 இலட்சத்து 48 ஆயிரம். ஜனவரி 31 இல் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற விதிப்படி, 2023 இல் பிறந்தவர்களில் பெரும்பாலோர் 2029 இல் முதலாம் தரத்துக்கு வருவார்கள். அதற்குத் தயாராகத்தான் வேண்டும். ஆனால் அந்தக் குறைவு இந்த மாவட்டத்தின் எந்த மூலையில் எவ்வளவு? மட்டக்களப்பு, நாட்டின் சராசரியைவிட இளைய மாவட்டம். அதற்குள்ளும் காத்தான்குடியும் கிரானும் ஒன்றல்ல. நகரத்தின் பெரிய பாடசாலைகளில் இடமில்லை என்று பெற்றோர் வரிசையில் நிற்கிறார்கள். படுவான்கரையில் ஒரு வகுப்புக்கு ஏழெட்டுப் பிள்ளைகள். அந்த ஏழெட்டுப் பேரும் அங்கே பிறப்பு குறைந்ததால் வந்த எண்ணிக்கையா, வசதியுள்ளவர்கள் பிள்ளைகளை வான் வண்டியில் ஏற்றி நகரத்துக்கு அனுப்புவதால் வந்ததா? முதலாவது என்றால் மூடலாமா என்று பேசலாம். இரண்டாவது என்றால் ஆசிரியரை அனுப்ப வேண்டும். இடாப்பில் உள்ள தொகை மட்டும் இதைச் சொல்லாது. அந்தக் கிராமத்தில் வசிக்கும் பிள்ளைகளின் தொகை பக்கத்தில் இருக்க வேண்டும்.

பல்கலைக்கழக அனுமதியிலும் இந்தக் கணக்கு வந்து இடிக்கிறது. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில்; 55 வீதம் மாவட்ட அடிப்படையில்; மிகுதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்கள் 16 க்கு, அவற்றில் மட்டக்களப்பும் அம்பாறையும் உண்டு. அந்த 55 வீதத்தைப் பங்கிடுவது மாவட்டத்தின் மொத்தச் சனத்தொகையை வைத்து. மாணவர் தொகையை வைத்து அல்ல, மொத்தத்தை வைத்து. அதாவது தொட்டிலில் கிடப்பதும், கோவில் வாசலில் உட்கார்ந்திருக்கும் என்னைப்போன்ற கிழமும், எல்லோரும் மருத்துவ பீட இடமொன்றுக்கான பின்னத்தில் சேருகிறோம். இதில் ஒரு வேடிக்கை: முதியவர்கள் கூடிய மாவட்டத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் போட்டியிடும் வயதினர் குறைவு, இளைய மாவட்டத்தில் அதிகம். நூறு பேருக்கு எத்தனை பேர் 19 வயதில் இருக்கிறார்கள் என்பதைப் பங்கீடு கேட்பதே இல்லை. இந்த விதியை மாற்றுங்கள் என்று உங்களிடம் கேட்கவில்லை, அது உங்கள் கையில் இல்லை. ஆனால் மாற்றக் கேட்க வேண்டியவர்களுக்குக் கையில் ஒரு எண் வேண்டாமா? பிள்ளைகளைப் பார்க்கக் கொழும்பிலேயே தங்கிவிட்ட பென்சன்காரரை இங்கே எழுதினார்களா, அங்கே எழுதினார்களா என்பதும் இதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

வெளியூர் மாணவரை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 இல் முழுப் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகம், வந்தாறுமூலையையும் கொம்மாதுறையையும் செங்கலடியையும் மாற்றிவிட்டது. கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், தாழங்குடாவில் தேசிய கல்வியியற் கல்லூரி, பக்கத்து அம்பாறை மாவட்டத்து ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். நாட்டின் எல்லாப் பக்கமிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். விடுதியில் இடம் கிடைக்காதவர்கள் எங்கே தங்குகிறார்கள்? முன்னறையை வாடகைக்கு விடுகிற வீடுகளில். அந்த வீடுகளில் பலவற்றின் சொந்தக்காரர்கள் ஓய்வுபெற்றவர்கள், அல்லது விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம் எடுக்கும் பெண்கள்.

அப்படியான ஒரு வீட்டுக்கு நான் அடிக்கடி போவதுண்டு, உறவுமுறை. முன்னறையில் நான்கு கட்டில்கள், நான்கு நுளம்புவலைகள், சுவரில் சிங்களத்தில் எழுதிய ஒரு விரிவுரை நேரசூசி, தமிழில் எழுதிய ஒரு கட்டளை: தண்ணீர் மோட்டரை ஆறு மணிக்குப் பிறகு போடக் கூடாது. வீட்டுக்கார அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது. எப்படியோ நாலு வருடம் ஓடிவிடுகிறது. கொவிட் காலத்தில் பல்கலைக்கழகங்கள் மூடியபோது அந்த அறை மாதக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. 2022 இல் பணவீக்கம் 70 வீதத்தை எட்டிப் பென்சன் காசு கரைந்தபோது அவரைக் காப்பாற்றியது திரும்பி வந்த பிள்ளைகளின் வாடகை. மாணவர் தொகை ஏறி இறங்குவது ஓய்வுபெற்றவரின் சமையலறைக்குள் நேராக வருகிறது. வந்தாறுமூலை அடங்கும் ஏறாவூர்ப்பற்றின் குப்பை வண்டிக்கும், குடிநீர் இணைப்புக்கும், பஸ்ஸுக்கும் திட்டம் போடும்போது இந்தப் பிள்ளைகள் கணக்கில் இருக்கிறார்களா? குருநாகலில் வீட்டார் பெயர் கொடுத்திருந்தால் அவர்கள் குருநாகலில் இருக்கிறார்கள். தண்ணீர் குடிப்பது வந்தாறுமூலையில்.

ஓய்வுபெற்றோர் என்ற பத்திக்குள்ளும் போய்ப் பார்க்க வேண்டும். ஆசிரியர், லிகிதர், தபாற்காரர், தாதி: இவர்களுக்கு மாதாமாதம் பென்சன் வரும். தனியார் துறையில் இருந்தவருக்கு ஊழியர் சேமலாப நிதி. ஊழியர் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம், ஒரே முறையில் எடுத்துவிட்டால் முடிந்தது. மகளின் வீட்டுக்கு ஓடு போட்டதும் அது போய்விடும். விவசாயிக்கு 1987 இலும் மீனவருக்கு 1990 இலும் ஓய்வூதியத் திட்டங்கள் சட்டமாக வந்தன. சேர்ந்தவர்கள் குறைவு, கிடைக்கும் தொகை ஒரு கிழமைச் சாமானுக்குப் போதாது. மிகுதிப் பேருக்கு 70 வயது கடந்த பிறகு அரசின் அஸ்வெசும நலன்புரித் திட்டத்தில் முதியோர் கொடுப்பனவு. வாழைச்சேனைத் துறையில் 72 வயதிலும் வலை பின்னுகிறவர் எந்த நாளில் ஓய்வுபெற்றார்? உடம்பு ஒரு நாள் எழும்ப மறுக்கும்; அன்றுதான். அவருக்குச் சுற்றறிக்கை இல்லை, பிரியாவிடை இல்லை, பொன்னாடை இல்லை. 60 வயதில் பென்சனோடு வீட்டுக்கு வந்த என்னையும் அவரையும் ஒரே எண்ணில் அடக்கி, ஓய்வுபெற்றோருக்கான சேவை என்று வங்கிக் கிளையொன்றில் இரண்டு கதிரை போட்டுவிட்டால் அது எனக்குத்தான் உதவும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, புதிதாக ஒரு கணக்கெடுப்பு நடத்துங்கள் என்று கேட்கப்போவதில்லை. காசில்லை என்பீர்கள், சரியான பதில்தான். ஆனால் எண்கள் ஏற்கனவே இருக்கின்றன. பென்சன்காரர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்றிதழ் வாங்கும் வழக்கம் இருக்கிறது. யார் எங்கே என்பது பிரதேச செயலகத்துக்குத் தெரியும். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 60 வயதானவர்களுக்கு அடையாள அட்டை கொடுக்கிறீர்கள்; அதற்கென்று உத்தியோகத்தரும் இருக்கிறார். அஸ்வெசும பட்டியல் இருக்கிறது. பாடசாலைக் கணக்கெடுப்பு ஐந்து கல்வி வலயங்களிலும் இருக்கிறது. பல்கலைக்கழகங்களின் அனுமதிப் பதிவு இருக்கிறது. 2024 தொகைமதிப்பின் படிவங்களில் வீட்டுக்கு வீடு யார் யாரோடு வசிக்கிறார் என்பது இருக்கிறது. எல்லாம் வெவ்வேறு அலுமாரிகளில். பெயர் வேண்டாம், முகவரி வேண்டாம். தொகை மட்டும் போதும்.

நான் கேட்கும் அட்டவணையில் ஒவ்வொரு கிராம உத்தியோகத்தர் பிரிவுக்கும் பாடசாலை மாணவர், பாடசாலைக்கு வெளியே முழுநேரம் படிப்போர், வெளி மாவட்டத்திலிருந்து வந்து தங்கிப் படிப்போர், மாத ஓய்வூதியம் பெறுவோர், ஓய்வூதியம் இல்லாமல் உழைப்பை நிறுத்திய முதியோர் என்று தனித்தனிப் பத்திகள் வேண்டும். கடைசியாக ஒரு பத்தி: மாணவரும் முதியவரும் மட்டுமே வசிக்கும் வீடுகள். அந்தக் கடைசிப் பத்தி இல்லாமல் மற்றவை வந்தால் எனக்குப் பாதி மகிழ்ச்சிதான். மாவட்டப் புள்ளிவிபரக் கையேட்டில் அதற்கு இரண்டு பக்கம் போதும்.

அட்டவணை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பீர்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். காலை ஆறரை மணி பஸ்ஸில் வெள்ளைச் சீருடையும் கிளினிக் கொப்பியும் ஒன்றாக ஏறுகின்றன. பாடசாலை ஏழரைக்கு, கிளினிக் இலக்கத் துண்டும் ஏழு மணிக்குள் எடுக்க வேண்டும். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே வாவியைப் பாதையில், அதாவது ஆட்களை ஏற்றிச் செல்லும் மிதவையில், கடப்பவர்களுக்கு இன்னும் முந்தி. பிள்ளைகள் மிதிபலகையில் தொங்குகிறார்கள், முதியவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், நடத்துனர் இரண்டு பகுதியையும் ஏசுகிறார். ஒன்பது மணி பஸ் காலியாகப் போகிறது. எந்தப் பிரிவிலிருந்து எத்தனை மாணவர், எத்தனை முதியவர் என்று தெரிந்தால், அறுபதைக் கடந்தவர்களின் கிளினிக்கை அந்தப் பகுதிகளுக்கு மட்டும் பத்து மணிக்குத் தள்ளி வைக்கலாம். இதற்கு ஒரு சதம் செலவில்லை. சுகாதாரப் பகுதியும் போக்குவரத்துப் பகுதியும் கல்வி வலயமும் ஒரு மேசையில் அரைநாள் உட்கார வேண்டும், அவ்வளவுதான். அரசாங்க அதிபர் அவர்களே, அந்த மேசைக்கு அவர்களை அழைக்க உங்களால் முடியும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 இலிருந்து இருக்கிறது, 14 வேலைநாளுக்குள் பதில் தர வேண்டும் என்பதும் தெரியும். அந்த வழியில் போனால் ஒவ்வொரு அலுமாரிக்கும் ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும்; வந்து சேரும் எண்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. ஆகவே முதலில் இந்த மடல். கூட்டிக் கழிக்க ஆள் இல்லை என்றால் எங்கள் சங்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஒரு கணக்காளர், இரண்டு முன்னாள் கிராம உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள்; உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்குக் கணினி தெரியும். அழைத்தால் எந்த நாளும் வருவோம். பென்சன் விழும் நாள் மட்டும் வேண்டாம். அன்று எங்களில் பாதிப் பேர் வங்கி வரிசையில் நிற்போம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்,
மண்முனை தென் எருவில் பற்று, மட்டக்களப்பு.